கோரண்டி அண்ணனும் நாற்பது செம்பருத்தித் தொட்டிகளும்

மலாக்கா மாவுப்பூச்சிகளுக்கு அந்தக் காலத்தில் ஒரு சங்கம் இருந்திருந்தால், முதல் எதிரி என்று ஒரே ஒருவரின் படத்தைத்தான் அதன் சுவரில் மாட்டியிருப்பார்கள். காஜா பெராங்கில் நாங்கள் வேலை பார்த்த பூச்செடி நர்சரியின் கோரண்டி அண்ணன்தான் அவர்.

நான் அங்கே கிராணி. ஆர்டர் எழுதுவது, லோரிக்குச் சொல்வது, வருகிற துரைசானிகளிடம் பல்லைக் காட்டுவது என் வேலை. செடிகளுக்கு வரும் பூச்சியும் நோயும் அவர் இலாகா. அவரைப் பற்றிய சிரிப்புக் கதைகளை நண்பர்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஒரு இடம் வந்ததும் நிறுத்திவிட்டுக் காப்பி குடிக்க எழுந்து போய்விடுவேன். இந்தத் தடவை எழுந்து போகப் போவதில்லை.

அவர் இளவயதில் கப்பலேறி வந்தபோது, பினாங்குக் கரைக்குப் பக்கத்தில் ஒரு தீவில் இறக்கி, நோய் நொடி இருக்கிறதா என்று பார்க்கக் குவாரண்டீனில் அடைத்து வைத்தார்களாம். அந்தச் சொல் அவர் வாயில் கோரண்டி ஆகிவிட்டது. நர்சரிக்குப் புதிதாக எந்தச் செடி வந்தாலும் வேலியோரத்துக் கொட்டகையில் இருபத்தொரு நாள் தனியாக வைத்துப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார். கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"என்னையே கோரண்டியில போட்டு, சட்டையக் கழட்டி மருந்துத் தண்ணி ஊத்தித்தான் மலாயாவுக்குள்ள விட்டான். இந்த ரோஜாச் செடி என்ன பெரிய கவர்னரா?"

பேர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் என்னவென்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

செடிகளுக்கு மட்டுமல்ல, மனிதர்களுக்கும் கோரண்டி உண்டு. வாசலில் ஒரு தகரத் தொட்டி நிறையச் சுண்ணாம்புத் தண்ணீர் வைத்திருப்பார். வருகிறவர்கள் செருப்பை அதில் நனைத்துவிட்டுத்தான் வரவேண்டும். ஒருநாள் ஒரு துரைசானி, தன் வீட்டு மல்லிகையில் இலையெல்லாம் கறுப்பாகிவிட்டது என்று தொட்டியோடு காரிலிருந்து இறங்கினாள். அண்ணன் ஓடிப்போய்த் தொட்டியை அவள் கையிலிருந்து பிடுங்கி, சாலையைக் கடந்து எதிர்ப்பக்கத்துச் சாக்கடை ஓரத்தில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். பிறகு மிகவும் மரியாதையாக, "குட்மார்னிங் மேடம்" என்றார். அந்த அம்மாள் என்னைப் பார்த்தாள். நான் பல்லைக் காட்டினேன்.

இலையின் அடிப்பக்கம்தான் பூச்சியின் வீடு என்பது அவர் வேதம். அதனால் பாதி நாள் பலகை மேடைகளுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, உடைந்த மூக்குக்கண்ணாடியின் ஒற்றைச் சில்லு வழியாக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். கால்கள் மட்டும் நடைபாதையில் நீண்டிருக்கும். பக்கத்து வீட்டில், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய செட்டிகளின் வம்சத்து அம்மாள் ஒருவர் இருந்தார். கெபாயாச் சட்டையும் சாரோங்கும் உடுத்தி, நெற்றி நிறைய விபூதி பூசி, மலாய் மட்டுமே பேசுகிற அவரைத் தெருவே பீபிக் என்று கூப்பிடும். பூஜைக்குச் செம்பருத்தி கேட்டு வந்த பீபிக், அந்தக் கால்களைப் பார்த்து அலறிவிட்டார்.

"ஆலாமாக்! ஓராங் மாத்தி கா?"

செத்துப்போன ஆளா என்ற கேள்விக்குப் பலகைக்கு அடியிலிருந்தே பதில் வந்தது.

"பெலும்! பெலும் மாத்தி!"

இன்னும் சாகவில்லையாம். சொல்லிவிட்டு அவர் அடுத்த இலையைப் புரட்டினார்.

ஒவ்வொரு பூச்சிக்கும் அவர் ஒரு பதவி கொடுத்திருந்தார். இளந்தளிரில் மொய்க்கும் அசுவினிக்குச் சொந்தக்காரங்க என்று பெயர். "காலையில ஒண்ணு வரும். சாயந்திரம் பார்த்தா குடும்பத்தோட இருக்கும்." உடம்பெல்லாம் வெள்ளை மாவு பூசிய மாவுப்பூச்சி கல்யாணப் பொண்ணு. ஆனால் அவருக்கு உண்மையான கோபம் எறும்பின் மேல்தான். மாவுப்பூச்சி விடும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காத்து, செடிக்குச் செடி தூக்கிக்கொண்டு போகும்.

"இவன்தான் கங்காணி. ஆசை காட்டி ஆளைக் கூட்டிட்டு வந்து எறக்கிட்டு, மேல உக்காந்து சாப்பிடுறவன் இவன்தான். கங்காணியப் பிடிங்க கிராணியாரே, கூலி தானா நின்னுரும்!"

மருந்து என்று கடையில் விற்பது எதையும் அவர் லேசில் தொடமாட்டார். சவுக்காரத் தண்ணீரும் புகையிலைக் கஷாயமும்தான். புகையிலைக்காகக் காப்பிக்கடை வாசல்களில் சுருட்டுத் துண்டுகளைப் பொறுக்குவார். யாரோ ஒரு புண்ணியவான் பார்த்து மனமிரங்கி, ஒரு கட்டுச் சுருட்டு வாங்கிக் கையில் கொடுத்திருக்கிறார். அண்ணன் நன்றி சொல்லி, அவர் கண்ணெதிரேயே அத்தனையையும் நசுக்கி வாளித் தண்ணீரில் போட்டுவிட்டார். அந்தப் புண்ணியவான் அதற்குப் பிறகு எங்கள் பக்கமே வரவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் பஸ் ஏறிப் புக்கிட் பாருவுக்குப் போவார். அங்குள்ள காய்கறித் தோட்டங்களில் பொறிவண்டு பிடித்து, நெருப்புப்பெட்டிகளில் அடைத்துக் கொண்டுவந்து நம் செடிகளில் விடுவார். பொறிவண்டு அசுவினியையும் மாவுப்பூச்சியையும் தின்றுவிடும். ஒருநாள் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் பீடியை வாயில் வைத்துக்கொண்டு, "அண்ணே, நெருப்புப்பெட்டி இருக்கா?" என்றாராம்.

"இருக்கு தம்பி. ஆனா உள்ள இருக்கிறது பத்தாது. பறக்கும்."

இதுவரைக்கும்தான் நான் வழக்கமாகச் சொல்வது.

மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரே பரபரத்த மாதம் அது. விழா மேடைக்கும் சாலையோரத்துக்கும் வைக்க இருநூறு தொட்டிச் சிவப்புச் செம்பருத்தி வேண்டும் என்று எங்களுக்கு ஆர்டர் வந்தது. நான் யாரையும் கேட்காமல் முடியும் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். நாற்பது குறைந்தது. மூவாரில் ஒரு நர்சரியிலிருந்து நாற்பது தொட்டிகளை லோரியில் வரவழைத்தேன். அவை வந்து இறங்கியபோது விழாவுக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

கோரண்டி அண்ணன் லோரிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார்.

"கொட்டகைக்கு ஓட்டுங்க. இருபத்தொரு நாளு."

"அண்ணே, பதினெட்டு நாள்தான் இருக்கு!"

"அப்ப மெர்டேக்காவ மூணு நாள் தள்ளி வைக்கச் சொல்லுங்க. இத்தனை வருஷம் காத்துக்கிட்டு இருந்தோம், மூணு நாள்ல என்ன கெட்டுப்போவுது?"

நான் சிரித்தேன். தொட்டிகள் கொட்டகைக்குப் போயின. ஆனால் என் கணக்கு வேறு. ஒரே அளவாக வளர, எல்லாத் தொட்டிகளும் ஒரே இடத்தில் ஒரே வெயிலில் நிற்கவேண்டும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டேன். அன்று செவ்வாய்க்கிழமை. அவர் புக்கிட் பாருவுக்குப் பஸ் ஏறியதும், தள்ளுவண்டியில் நாற்பது மூவார்த் தொட்டிகளையும் எடுத்து நம் வரிசைகளுக்கு நடுவே நடுவே செருகினேன். கொட்டகை காலியாகத் தெரியக்கூடாதே! நம் தொட்டிகளில் நாற்பதை எடுத்து அங்கே அடுக்கினேன்.

மறுநாள் அவர் கொட்டகையில் மல்லாந்து படுத்து, நம் சொந்தச் செடிகளையே இலை இலையாகப் பரிசோதித்தார். சாயந்திரம் வெளியே வந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"குத்தம் சொல்லக்கூடாது கிராணியாரே. மூவார்க்காரன் சுத்தமா வளர்த்திருக்கான். நம்ம செடி மாதிரியே இருக்கு."

அன்று அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அலுவலக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் எங்கேயாவது ஓடி ஒளிந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

வியாழக்கிழமை அவர் நடு வரிசையில் எறும்புச் சாரை ஒன்றைப் பார்த்தார். அதன் பின்னாலேயே தவழ்ந்து போனார். ஒரு தொட்டியின் தண்டுக்கும் இலைக் காம்புக்கும் இடையில், பஞ்சு வைத்து அடைத்த மாதிரி வெள்ளையாக மாவுப்பூச்சி. நுனித் தளிரெல்லாம் முறுக்கிக்கொண்டு நின்றது. அவர் விரலால் தொட்டி மண்ணைக் கிளறி, எடுத்து, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"இது நம்ம மண்ணு இல்லையே."

நான் கையிலிருந்த ஆர்டர் புத்தகத்தைப் புரட்டினேன்.

"மாத்தி வச்சீங்களா?"

"நேரமில்லை அண்ணே..."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சரி. நாப்பதையும் இப்பவே எடுத்து எரிச்சிடணும். மத்ததை ஒவ்வொரு இலையா கழுவணும்" என்றார். எனக்கோ நாற்பதையும் விட மனமில்லை. மருந்தடித்தால் போதும் என்று வாதாடினேன். நாளைக்கு முடிவு செய்யலாம் என்று இழுத்தடித்தேன். மறுநாள் மத்தியானம் அவர் சோறு சாப்பிடப் போன நேரம் பார்த்து, கடையில் புதிதாக வந்திருந்த ஒரு விஷ மருந்தை, டின்னில் எழுதியிருந்ததைப்போல் இரண்டு மடங்கு கலந்து, உச்சி வெயிலில் எல்லா வரிசைகளுக்கும் அடித்தேன்.

அவர் திரும்பி வந்தபோது இலை ஓரங்கள் பொரித்த அப்பளம் மாதிரி சுருண்டிருந்தன. மொட்டுகள் உதிர்ந்து கிடந்தன. மாவுக் கவசத்துக்குள் இருந்த பூச்சிகள் பெரும்பாலும் சௌக்கியமாக இருந்தன. செத்துக் கிடந்தவை அவர் பஸ் ஏறிப் போய்க் கொண்டுவந்த பொறிவண்டுகள். அவர் குந்தி உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் போட்டுக்கொண்டார்.

"இதுங்க நம்ம ஆளுங்க கிராணியாரே" என்றார்.

எங்கள் முதலாளிக்குப் பாசாரில் மளிகைக் கடை. சனிக்கிழமைதான் நர்சரிக்கு வருவார். அந்தச் சனிக்கிழமை அவர் வரிசைகளுக்கு நடுவே நடந்தார். முகம் கறுத்துக்கொண்டே வந்தது.

"யாரு இந்த மூவார்ச் செடிய உள்ள விட்டது?"

நாக்கு தானாகப் புரண்டது என்றெல்லாம் சொல்லித் தப்பிக்க மாட்டேன். யோசித்துத்தான் சொன்னேன். கல்யாணமாகி ஒரு வருஷம், வேலை போய்விடுமே என்ற பயம், எல்லாம் உண்டு. அதற்காக அந்த வாக்கியம் வேறு மாதிரி ஆகிவிடாது.

"கோரண்டி அண்ணன் பார்த்து, நல்லாயிருக்குன்னு சொன்ன பெறகுதான் முதலாளி விட்டோம்."

நாலு எட்டு தள்ளி அவர் ஒரு தளிரைக் கிள்ளிக்கொண்டிருந்தார். முதலாளி திரும்பி, "அப்படியா?" என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த தளிரைப் பார்த்தார்.

"ஆமாங்க முதலாளி. அது இருக்கட்டும், நாப்பதையும் மொதல்ல எரிக்கணும். யாரு விட்டதுன்னு நாம நின்னு பேசுற நேரத்துல அது அடுத்த வரிசைக்குப் போயிரும்."

"கண்ணாடி வச்சுப் பார்த்துமா தெரியல?"

"வயசாச்சுங்க."

"நாளையிலேர்ந்து இந்தக் கேட்டுக்குள்ள காலு வைக்காதீங்க."

அவர் ஒரே ஒரு சலுகைதான் கேட்டார். "இன்னிக்கு எரிச்சிட்டுப் போயிடுறேனே?"

நாற்பது செடிகளையும் தானே பிடுங்கி, மண்ணோடு சாக்கில் கட்டி, பின்பக்கம் எரித்து, தொட்டிகளைக் கொதிக்கிற தண்ணீரில் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். வாசலில் சுண்ணாம்புத் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டுதான் வெளியே போனார். என் பூச்சி வேறெங்கும் போய்விடக் கூடாதாம்.

கதை அத்தோடு முடிந்திருந்தால் நான் எப்படியாவது மறந்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை காலை, நான் தனியாக நர்சரிக்குள் நிற்கிறேன், பக்கத்து வேலிக்கு மேலே ஒரு தலை எழும்பியது. பீபிக் வீட்டு முற்றத்தில் ஒரு முக்காலி போட்டு அதன் மேல் ஏறி நின்றார் கோரண்டி அண்ணன். கேட்டுக்குள் வரக்கூடாது என்றுதானே உத்தரவு?

"கிராணியாரே! பசியாறிட்டீங்களா?"

"ஆச்சு அண்ணே."

"அப்ப சவுக்காரத்தக் கரைங்க! மொத வரிசையிலேர்ந்து ஆரம்பிங்க! துணிய நனைச்சு அடி இலையத் துடைங்க. மேல துடைக்காதீங்க, மேல யாரும் குடியிருக்கல!"

பத்து நாள். காலையும் மாலையும் நான் குந்தி உட்கார்ந்து இலை இலையாகத் துடைத்தேன். அவர் வேலிக்கு மேலிருந்து தெருவுக்கே கேட்கிற குரலில் உத்தரவு போட்டார். "காம்பு இடுக்க விட்டுட்டீங்க!" "தொட்டிக் காலுக்குக் கீழ தண்ணித் தட்டு வைங்க, கங்காணி நீந்த மாட்டான்!" "அந்தக் கருகின இலையப் பிய்க்காதீங்க, புதுத் தளிர் வரட்டும்!" போகிற பெச்சா ரிக்ஷாக்காரர்கள் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தார்கள். ஒருவன் போகிற போக்கில், "கிராணி, அடி இலை!" என்று கத்திவிட்டு மிதித்தான். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் அது வேடிக்கை பார்க்கிறார்களே என்ற கூச்சம் இல்லை.

பீபிக் ஒருநாள் தட்டில் கொய்யே பலகாரத்தோடு வந்து, இவர் ஏன் வெளியே நிற்கிறார் என்று அவரிடமே மலாயில் கேட்டார்.

"சாலா சாயா" என்றார் அண்ணன். என் தப்புதான்.

பீபிக் வேலிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் இலையைத் துடைத்தேன். துடைத்த இலையையே மறுபடியும் துடைத்தேன். அந்த அம்மாள் அன்றைக்குத் தட்டை வேலிக்கு இந்தப் பக்கம் நீட்டவில்லை.

நூறு தொட்டிகளுக்கு மேல் தேறின. கருகிப்போனவற்றின் இடத்தில் குரோட்டன் செடிகளை வைத்து லோரியில் ஏற்றினேன். சிவப்பும் மஞ்சளும் மாறி மாறி இருந்தது நாங்கள் வேண்டுமென்றே செய்த அலங்காரம் என்று நினைத்து, விழா ஏற்பாட்டுக்காரர் முதலாளியின் கையைக் குலுக்கினார். முதலாளி என் தோளில் கை போட்டு, "எல்லாம் நம்ம கிராணி உழைப்பு" என்று பத்துப் பேருக்குச் சொன்னார். நான் அந்தக் கையைத் தோளில் வைத்துக்கொண்டே நின்றேன்.

விழா நாளன்று சாலை முழுக்கக் கூட்டம். எல்லோரும் கொடியைப் பார்க்க எம்பிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு மனிதர் மட்டும் சாலையோரத்தில் மண்டியிட்டு, ஒவ்வொரு தொட்டியாக இலையைப் புரட்டிக்கொண்டே வந்தார். போலீஸ்காரர் ஒருவர் அவரைத் தூக்கி நிறுத்தி நகரச் சொன்னார். அப்போது அவர் என்னையும் முதலாளியையும் பார்த்துவிட்டார். முகமெல்லாம் பல்.

"கிராணியாரே! சுத்தம்! ஒண்ணு கூட இல்லை! நல்லாச் செஞ்சிருக்கீங்க!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். எனக்கு மட்டும் நின்ற இடத்தில் பூமி பிளக்காதா என்றிருந்தது.

மறுநாள் காலை கடை திறப்பதற்கு முன்பே முதலாளியின் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து கேட்டார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா உங்களத் திட்டியிருப்பேன், அவ்வளவுதான்" என்றார். "இப்ப என்னையும் சேர்த்து அசிங்கப்படுத்திட்டீங்க. போங்க. அவரக் கூட்டிட்டு வாங்க."

காப்பிக்கடைக்குப் பின்னால் அவர் வாடகைக்கு இருந்த அறை பூட்டியிருந்தது. அன்று விடியற்காலையிலேயே மூவாருக்கு வேலைக்குப் போய்விட்டார் என்றார்கள். யார் நர்சரி என்று கேட்டேன். எனக்கு நாற்பது தொட்டி அனுப்பிய அதே நர்சரி.

பஸ் பிடித்து, ஆற்றைப் பெரி படகில் தாண்டிப் போனேன். ஒரு மேடைக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீண்டிருந்தன. நான் பக்கத்தில் குந்தினேன்.

"அண்ணே, அன்னிக்கு முதலாளிகிட்ட நான் சொன்னது பொய்."

"அப்ப நானும் பக்கத்துலதானே இருந்தேன்" என்றது மேடைக்கு அடியிலிருந்து குரல். "இந்தக் கிளையக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க. வெளிச்சம் பத்தல."

பிடித்தேன். முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிட்டதையும், அவர் கூப்பிடுவதையும் சொன்னேன். வெளியே வந்து உட்கார்ந்து, முதுகு மண்ணைத் தட்டிக்கொண்டார்.

"இப்ப வர முடியாது. ஊத்து இங்கதான் இருக்கு. இதை இப்படியே விட்டா, உங்கள மாதிரி அவசரக்காரன் எவனாவது வந்து இன்னொரு ஊருக்கு ஏத்திட்டுப் போயிருவான். இங்க சுத்தமாவட்டும், வர்றேன்."

அவர் என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. அதைப் பற்றி அவரிடமிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை, கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை. அவர் காஜா பெராங்குக்குத் திரும்பி வர மூன்று மாதம் ஆயிற்று. அதுவரை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் மூவாருக்குப் போய்க் கிளை பிடித்தேன், சவுக்காரம் கரைத்தேன், அடி இலை துடைத்தேன். வா என்று அவர் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. காய்ச்சலில் நான் படுத்துவிட்ட வாரத்துக்கு அடுத்த வாரம் மட்டும், மேடைக்கு அடியில் படுத்தபடியே, போன வாரம் ஏன் வரவில்லை என்று கேட்டார்.